செத்துப்போன ஆர்கேட் மொனிற்றரைத் திருத்துவது: முழுமையான வழிகாட்டி

கொழும்பில் விளையாட்டு நிலையம் ஒன்று மூடப்படும்போது அங்கிருந்த ஆர்கேட் பெட்டிகளை (காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டிகளை) யாராவது மலிவாக வாங்கி, லொறியில் ஏற்றி, ஏ9 வீதியால் வன்னிக்குக் கொண்டுவருகிறார்கள். திருவிழாக் காலங்களில் கொட்டகை போட்டுச் சிறுவர்களிடம் சில்லறை பார்க்கிறார்கள். ஒரு நாள் திரை கறுத்துப்போகிறது. அப்போது பெட்டி ஊரில் ரிவி திருத்துபவரிடம் வந்து சேர்கிறது. படக்குழாய் ரிவி திருத்தப் பழகியவருக்கு இந்த வேலையில் பாதிக்கு மேல் ஏற்கெனவே தெரியும். மீதியில்தான் ஆபத்து இருக்கிறது. இந்த வழிகாட்டி அந்த மீதிக்காக எழுதப்பட்டது.

ஒன்றை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சேசிஸில் (மொனிற்றரின் மின்சுற்றுப் போர்ட்டில்) உள்ள எந்தப் பாகத்தையும் எங்கேயாவது தேடி எடுத்துவிடலாம். ரியூபை எடுக்க முடியாது. புதிய படக்குழாய் செய்வது உலகில் ஏறத்தாழ நின்றுவிட்டது. ஆகவே கீழே சொல்லப்படும் வேலை ஒழுங்கு முழுவதும் ஆளுக்கு அடுத்தபடியாக ரியூபைக் காப்பதற்காகவே அமைந்தது.

கழற்றுவதற்கு முன்னர்

கொண்டுவந்தவர் "மொனிற்றர் செத்துவிட்டது அண்ணை" என்றுதான் சொல்வார். அதை நம்பிப் பின்கதவைத் திறக்காதீர்கள். பெட்டியில் விளையாட்டின் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். சத்தம் இல்லையென்றால் கேம் போர்ட்டுக்கு (விளையாட்டை ஓட்டும் மின்சுற்றுப் பலகைக்கு) போகும் 5 வோல்ட்டை முதலில் அளக்க வேண்டும், அங்கே 4.7 மட்டும் இருந்தால் மொனிற்றரில் கைவைக்கவே தேவையில்லாமல் போகலாம்.

சத்தம் இருந்தால் அறையை இருட்டாக்கி, ரியூபின் கழுத்தைப் பின்னால் இருந்து கவனியுங்கள். அங்கே செம்மஞ்சள் ஒளி தெரிகிறதா? போட்டவுடன் திரைக் கண்ணாடியில் கையின் மயிர் சிலிர்க்கிறதா? 15.7 கிலோஹேர்ட்ஸ் கீச்சொலி வருகிறதா? இளம் காதுகளுக்கு அது நன்றாகக் கேட்கும்; எனக்கு இப்போது கேட்பதில்லை, கடைக்கு வரும் பையனைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒளியும் இல்லை, சிலிர்ப்பும் இல்லை, பியூசும் போயிருக்கிறது என்றால் எங்கோ ஷோர்ட். பியூஸ் நன்றாக இருந்தும் எதுவும் இல்லை என்றால் மின்வழங்கியோ, கதிரைப் பக்கவாட்டில் ஓடவைக்கும் கிடைப்பகுதியோ நின்றிருக்கிறது. டிக், டிக் என்று விட்டுவிட்டு ஒலித்தால் மின்வழங்கி எழும்ப முயன்று சுமை தாங்காமல் விழுகிறது. ஒளியும் சிலிர்ப்பும் இருந்து திரை மட்டும் கறுப்பு என்றால் வேலை இலகு: வீடியோ, ஸ்கிரீன் மின்னழுத்தம், அல்லது சிக்னல். நடுவில் ஒற்றைக் கிடைக்கோடு மட்டும் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். அந்தக் கோடு ரியூபின் திரையில் ஒளிரும் பொஸ்பர் பூச்சைச் சில நிமிடங்களிலேயே எரித்து வடு வைத்துவிடும்.

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: அண்மையில் கேம் போர்ட் மாற்றினீர்களா? பல விளையாட்டுகள் அடங்கிய மலிவு போர்ட்டுகள் இப்போது பரவலாக வருகின்றன. அவற்றில் பல, கணினித் திரைக்கான 31 கிலோஹேர்ட்ஸையும் பழைய ஆர்கேட் மொனிற்றருக்கான 15 கிலோஹேர்ட்ஸையும் தரக்கூடியவை. எது வரும் என்பதை ஒரு சிறு சுவிட்சோ மெனுவோ தீர்மானிக்கிறது. 15 மட்டும் தெரிந்த மொனிற்றருக்கு 31 கொடுத்தால் திரை கிழிந்த கோடுகளாகும் அல்லது கறுக்கும். அப்படியே ஓடவிட்டால் கிடை ரான்சிஸ்டர் வெந்து, பொய் நோய் மெய் நோயாகிவிடும்.

110 வோல்ட் என்ற பொறி

ரிவிக்காரர் தடுக்கி விழும் இடம் இது. எலக்ரோஹோம் ஜி07, வெல்ஸ் கார்ட்னர் கே7000 போன்ற வட அமெரிக்க மொனிற்றர்கள் 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. ஜப்பானியப் பெட்டிகள் 100 வோல்ட்டில் ஓடுபவை. நம் சுவரில் வருவது 230. ஆகவே கடைக்குப் போய் ஒரு ஸ்டெப் டவுன் ரான்ஸ்போமர் வாங்கி மாட்டுகிறார்கள், பியூஸ் வெடிக்கிறது.

காரணம் இதுதான். இந்தச் சேசிஸ்கள் பலவற்றில் பிரிட்ஜ் டயோட்டுகள் நேரே மின்னிணைப்பில் இருக்கின்றன. சேசிஸின் 'கிரவுண்ட்' உண்மையில் உயிர்க்கம்பியோடு தொடர்புள்ளது. அந்தக் கிரவுண்ட் வீடியோக் கம்பி வழியாகக் கேம் போர்ட்டுக்கும், அங்கிருந்து பெட்டியின் எர்த்துக்கும் போகிறது. தொழிற்சாலை இதை அறிந்தே பெட்டிக்குள், சேசிஸைச் சுவர் மின்னிலிருந்து பிரித்துவைக்கும் ஐசோலேஷன் ரான்ஸ்போமர் ஒன்றை வைத்திருக்கும். பழைய பெட்டியை உடைத்து மொனிற்றரை மட்டும் எடுத்து வருபவர்கள் அந்தக் கனமான இரும்பை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். கடையில் கிடைக்கும் மலிவான ஸ்டெப் டவுன் பெரும்பாலும் ஓட்டோ ரான்ஸ்போமர். அது வோல்ட்டைக் குறைக்கும், பிரித்து வைக்காது.

சோதிப்பது எளிது. பிளக்கைக் கழற்றிவிட்டு, ரான்ஸ்போமரின் உள்வழிக் கால் ஒன்றுக்கும் வெளிவழிக் கால் ஒன்றுக்கும் இடையே ஓம் அளவிடுங்கள். எந்த இணையில் அளந்தாலும் மீற்றர் அசையக்கூடாது. தொடர்பு காட்டினால் அது ஓட்டோ. இந்த வேலைக்கு உதவாது. 19, 20 அங்குல மொனிற்றருக்கு 200 விஏ அளவிலான, இரு சுருள்களும் தனித்தனியான ரான்ஸ்போமரைச் சுற்றுவித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பெட்டியோடு வந்த 60 ஹேர்ட்ஸ் இரும்பு நம் 50 ஹேர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும் என்பதையும் கவனியுங்கள். பிற்காலச் சீனச் சேசிஸ்கள் பல 220 வோல்ட்டை நேரே ஏற்று உள்ளேயே பிரித்துக்கொள்கின்றன. எந்த வகை என்று லேபிளைப் பாருங்கள். லேபிள் இல்லையென்றால் பிரிப்பு இல்லாதது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு ட்ரிப் சுவிட்ச் காப்பாற்றும் என்றும் நம்பாதீர்கள். ஐசோலேஷன் ரான்ஸ்போமரின் மறுபக்கத்தில் இரண்டு முனைகளையும் ஒருவர் பிடித்தால் அந்தச் சுவிட்சுக்கு எதுவும் தெரியாது.

உயர் மின்னழுத்தத்தை இறக்குதல்

ரியூபின் அனோட்டில் (இறப்பர் தொப்பிக்குக் கீழே உயர் மின்னழுத்தம் நுழையும் இடத்தில்) ஓடும்போது 20,000 முதல் 25,000 வோல்ட் வரை இருக்கும். நிறுத்திய பின்னரும் கண்ணாடியே கப்பாசிற்றராக அதைப் பிடித்து வைத்திருக்கும். பிளக்கைக் கழற்றுங்கள். தட்டையான ஸ்குரூ டிரைவரின் இரும்பில் கிளிப் கம்பியைக் கட்டி, மறுமுனையை ரியூபின் பின்புறத்தில் ஓடும் வெறும் பின்னல் கம்பியில் பூட்டுங்கள். சேசிஸ் போர்ட்டின் கிரவுண்டில் பூட்டாதீர்கள், ஐசிக்கள் போய்விடும். ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, மறுகையால் இறப்பர் தொப்பிக்குக் கீழே இரும்பைச் செருகிக் கொக்கியைத் தொடுங்கள். பொறி பறக்கலாம், பறக்காமலும் இருக்கலாம். சில நிமிடங்கள் விட்டு மறுபடியும் தொடுங்கள், ஏனெனில் கண்ணாடியில் மின் மெல்ல மீண்டும் ஊறும்.

அடுத்தது மின்வழங்கியின் பெரிய கப்பாசிற்றர். 120 வோல்ட் சேசிஸில் 170, 230 வோல்ட் சேசிஸில் 325 டிசி அதில் நிற்கலாம். உண்மையில் அனோட்டைவிட எனக்கு இதுதான் பயம். ஒரு பல்ப்பை இரண்டு கம்பிகளோடு ஹோல்டரில் பூட்டி அதன் வழியாக இறக்குங்கள். ஸ்குரூ டிரைவரால் ஷோர்ட் செய்து வெடி காட்ட வேண்டாம்.

பிறகு ரியூபின் கழுத்து முனையில் செருகியிருக்கும் நெக் போர்ட்டை நேராகப் பின்னுக்கு இழுத்துக் கழற்றுங்கள், அசைத்து முறுக்கவேண்டாம். கழுத்துக் கண்ணாடி உடைந்து காற்று போனால் கதை முடிந்தது. கழற்றிய கையோடு கழுத்தின் உட்புறத்தில் உள்ள பூச்சைப் பாருங்கள். வெள்ளிக் கண்ணாடிபோல் அல்லது கறுப்பாக இருந்தால் நல்லது. பால்வெள்ளையாகியிருந்தால் காற்று ஏற்கெனவே உள்ளே போயிருக்கிறது. மேற்கொண்டு ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள். ஹீட்டரின் (கழுத்துக்குள் செம்மஞ்சளாக ஒளிரும் இழையின்) கால்களுக்கு இடையே ஓமும் அளந்துகொள்ளுங்கள். சில ஓம்கள் காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது.

மின் கொடுக்காமல் பார்க்கவேண்டியவை

நல்ல வெளிச்சத்தில் போர்ட்டைப் பாருங்கள். கிரவல் வீதிப் புழுதி, எறும்புக் கூடு, குளவி கட்டிய மண், நெக் போர்ட்டுக்குக் குறுக்கே கருகிய பல்லி என்று எதுவும் இருக்கலாம். மென்மையான தூரிகையால் துடைத்து, ஸ்பிரிட்டால் கழுவி, முழுமையாகக் காயவிடுங்கள். மாரி காலத்தில் அனோட் தொப்பியைச் சுற்றியிருக்கும் புழுதி ஈரம் உறிஞ்சி உயர் மின்னழுத்தத்தைக் கசியவிடும். 'ஸ்ஸ்' என்ற சத்தத்தோடு வரும் பல பெட்டிகளுக்குச் சுத்தம் செய்வதே முழு வைத்தியம்.

பியூசைக் கழற்றிப் பாருங்கள். கண்ணாடி கறுத்து வெள்ளி பூசியதுபோல் இருந்தால் பெரும் ஷோர்ட். கம்பி மட்டும் மெல்ல அறுந்திருந்தால் முதுமையாகவும் இருக்கலாம். 1990களில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட மண் இது. இருப்பதை வைத்துச் சமாளிப்பது எங்கள் கையோடு ஊறியது. ஆனால் பியூஸ் இடத்தில் செப்புக் கம்பி சுற்றும் சமாளிப்பை மட்டும் இங்கே கொண்டுவராதீர்கள். ரூபாய்க் கணக்கில் முடியவேண்டியது பிளைபேக்கில் (உயர் மின்னழுத்தம் உண்டாக்கும் ரான்ஸ்போமரில்) போய் முடியும்.

அடுத்து மீற்றரை டயோட் நிலையில் வைத்துப் பிரிட்ஜ் டயோட்டுகளைப் பாருங்கள். ஒரு பக்கம் 0.5 முதல் 0.6, மறுபக்கம் ஒன்றுமில்லை என்று வரவேண்டும். கொட்டகையில் ஜெனரேற்றரில் ஓடிய பெட்டியென்றால், எகிறும் வோல்ட்டை உறிஞ்சும் வரிஸ்டரையும் பாருங்கள். கட்டுப்பாடு சரியில்லாத ஜெனரேற்றர், பக்கத்துக் கடை விளக்குகள் அணைந்த கணத்தில் வோல்ட்டை எகிறவிடும். ஐப்பசி இடிமழைக்குப் பிறகு வரும் பெட்டிகளிலும் இதே கதை.

பிறகு கிடை வெளியீட்டு ரான்சிஸ்டர், அதாவது எச்ஓடி. பெரிய ஹீற்சிங்கில் பிளைபேக்குக்கு அருகே இருப்பது. கலெக்டருக்கும் எமிற்றருக்கும் இடையே இரு பக்கமும் பூச்சியம் காட்டினால் செத்துவிட்டது. இங்கே புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 2எஸ்டி1555 போன்றவற்றில் டாம்பர் டயோட்டும் பேஸ்-எமிற்றருக்குக் குறுக்கே சுமார் 50 ஓம் ரெசிஸ்டரும் உள்ளேயே இருக்கின்றன. அவற்றில் பேஸும் எமிற்றரும் தொடர்பு காட்டுவது இயல்பு. பியூ508ஏயில் டாம்பர் இல்லை, பியூ508டியில் உண்டு. ஒன்றுக்கு மற்றதைப் போடும்போது இதைப் பார்க்காமல் போட்டால் புதியதும் போகும்.

எச்ஓடி செத்திருந்தால் அதை மாற்றியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அதைக் கொன்றவர் இன்னும் உள்ளே இருக்கிறார். எச்ஓடியைத் தூண்டும் டிரைவர் ரான்ஸ்போமரின் காலில் வெடித்த ஈயம், காய்ந்த சிறு கப்பாசிற்றர், கூடிப்போன பி பிளஸ் (கிடைப்பகுதிக்கு மின்வழங்கி தரும் முக்கிய டிசி), உள்ளே ஷோர்ட்டான பிளைபேக், இவை முதல் சந்தேகநபர்கள். ஜி07இன் பிளைபேக் இதில் பேர்போனது. இன்னொன்று, கலெக்டரிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் 1,600 வோல்ட் ரிட்ரேஸ் கப்பாசிற்றர். அது திறந்துவிட்டால் அல்லது அளவு குறைந்துவிட்டால் உயர் மின்னழுத்தம் எல்லை மீறும். ரான்சிஸ்டர் சாகும், எக்ஸ் கதிரும் கூடும், ரியூபின் கழுத்தே துளைபடவும் கூடும். அதே அளவு, அதே வோல்ட், பொலிபுரொப்பிலீன் வகையை மட்டும் போடுங்கள். "கிட்டத்தட்ட" அளவு இங்கே செல்லாது.

பல்ப்பை வைத்து எழுப்புதல்

இப்போதுதான் மின் கொடுக்கும் நேரம். 230 வோல்ட் பக்கத்தில், ரான்ஸ்போமருக்கு முன்னால், 100 வாட்ஸ் இழை பல்ப் ஒன்றைத் தொடராகப் பூட்டுங்கள். எல்ஈடி பல்ப் உதவாது. பழைய இழை பல்ப் கடையில் இல்லையென்றால் கோழிக்குஞ்சுக்குச் சூடு கொடுக்க வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள். திரையின் காந்தத்தை நீக்கும் டிகோசிங் கொயிலின் பிளக்கை முதலில் கழற்றிவிடுங்கள். அது தொடக்கத்தில் இழுக்கும் மின்னோட்டம் பல்ப்பைப் பிரகாசிக்க வைத்து உங்களைக் குழப்பும்.

எச்ஓடியைக் கழற்றிவிட்டு, பி பிளஸுக்கும் சேசிஸ் கிரவுண்டுக்கும் இடையே இன்னொரு 60 வாட்ஸ் இழை பல்ப்பைப் போலிச் சுமையாகப் போடுங்கள். மின் கொடுக்கும்போது தொடர் பல்ப் ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் ஷோர்ட் இன்னும் இருக்கிறது. எரியவே இல்லையென்றால் வழி எங்கோ அறுந்திருக்கிறது.

இப்போது பி பிளஸை அளந்து பாருங்கள். மீற்றரின் கறுப்பு முனை சேசிஸின் சொந்தக் கிரவுண்டில் இருக்கவேண்டும். ஜி07க்கு 120, 19 அங்குல கே7000க்கு 130 வோல்ட். மற்றவற்றில் பெரும்பாலும் போர்ட்டிலேயே அச்சிட்டிருக்கும். தொடர் பல்ப் இருக்கும்போது சற்றுக் குறைவாக வரலாம். அளவு சரியாக நின்றால் மின்வழங்கி நலம். சுமை இருந்தும் மிகக் கூடுதலாக நின்றால் ரெகுலேற்றர் ஷோர்ட். பூச்சியமென்றால் ரெகுலேற்றரோ, பியூஸ்போல் அறுந்துபோகும் பியூசிபிள் ரெசிஸ்டரோ போயிருக்கிறது. இந்த அளவு கிடைக்கும்வரை வேறு எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள்.

கப்பாசிற்றர் கிற் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். செத்த மொனிற்றருக்கு எல்லா எலக்ரோலிற்றிக் கப்பாசிற்றர்களையும் முதலில் மாற்றிவிடு என்று ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முப்பது பாகத்தைக் கழற்றி மாட்டும்போது ஒன்றின் முனை மாறினால், பழைய நோயோடு புதிய நோயும் சேரும். முதலில் உயிர் வரட்டும். பிறகு 105 பாகை வெப்பம் தாங்கும் வகையை, அதே மைக்ரோபராட்டில், அதே அல்லது கூடிய வோல்ட்டில், ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஆனால் ஈயத்தை மட்டும் முதலிலேயே புதுப்பிக்கலாம்: பிளைபேக்கின் கால்கள், எச்ஓடி, டிரைவர் ரான்ஸ்போமர், யோக் (கழுத்தைச் சுற்றியிருக்கும் சுருள்) இணைப்பு, நெக் சொக்கற். லொறியில் குலுங்கி வந்த பெட்டிகளில் இந்த இடங்களில் மெல்லிய வளையவெடிப்பு அடிக்கடி தெரியும்.

பி பிளஸ் இருக்கிறது, உயர் மின்னழுத்தம் இல்லை

புதிய எச்ஓடியை மைக்கா தகட்டோடு மாட்டி, போலிச் சுமையைக் கழற்றி, தொடர் பல்ப்போடு மறுபடி மின் கொடுங்கள். பல்ப் முழுதாக எரிந்தால் பிளைபேக் மேல் சந்தேகம். வெடிப்பு, உருகிய பிசின், ஊசித்துளை இருக்கிறதா என்று பாருங்கள். சுருளுக்குள் ஷோர்ட்டைக் காட்டும் ரிங் ரெஸ்டர் இருந்தால் கழற்றிச் சோதிப்பதே நிச்சயமான வழி.

பல்ப் மங்கலாகவே நின்று எதுவும் நடக்கவில்லையென்றால் கிடைத் துடிப்பை உண்டாக்கும் ஓசிலேற்றர் ஓடவில்லை. அதன் 12 வோல்ட் வழி, தொடக்க ரெசிஸ்டர், டிரைவர் ரான்சிஸ்டர் என்று பின்னோக்கிப் போங்கள். எச்ஓடியின் பேஸில் சிறு எதிர் டிசி காட்டினால் டிரைவ் வருகிறது என்று அர்த்தம். ஓடும்போது கலெக்டரில் மட்டும் மீற்றரை வைக்காதீர்கள். அங்கே 1,000 வோல்ட் அளவில் துடிப்புகள் இருக்கின்றன.

ஒளி இருக்கிறது, திரை கறுப்பு

பிளைபேக்கில் கீழே உள்ள 'ஸ்கிரீன்' குமிழின் நிலையைப் பேனாவால் குறித்துக்கொண்டு மெல்லக் கூட்டுங்கள். சாய்ந்த கோடுகளோடு வெளிச்சம் வந்தால் ரியூபும் உயர் மின்னழுத்தமும் சரி, நோய் வீடியோவில். குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டு, கேம் போர்ட்டைப் பெட்டியோடு பூட்டும் ஜாமா இணைப்பைப் பாருங்கள். 1985இல் வந்த இந்த ஒழுங்கில் பாகங்கள் இருக்கும் பக்கத்தின் 12ஆம் கால் சிவப்பு, 13 நீலம், 14 வீடியோ கிரவுண்ட். ஈயப்பக்கத்தில் 'என்' பச்சை, 'பி' சிங்க் (படத்தை நிலையாக நிறுத்தும் சிக்னல்). கறுத்த தொடுகால்களை அழிறப்பரால் துடைத்தாலே பல பெட்டிகள் எழும்பிவிடும். நெக் போர்ட்டின் வீடியோ ரான்சிஸ்டர்களுக்கு வரும் மின்னழுத்தத்தையும் பாருங்கள். ஹீட்டர் ஒளி இல்லையென்றால் அதன் வழியிலுள்ள சிறு ரெசிஸ்டரைச் சோதியுங்கள். பிளைபேக்கிலிருந்து வரும் அந்த மின்னழுத்தத்தைச் சாதாரண மீற்றர் சரியாகக் காட்டாது.

ஒற்றைக் கிடைக்கோடு என்றால் நிலைக்குத்துப் பகுதி. ஐசியை மாற்றுவதற்கு முன்னர் அதற்கு மின் கொண்டுவரும் பியூசிபிள் ரெசிஸ்டரையும், அருகே சூட்டில் வெந்த கப்பாசிற்றர்களையும், யோக் பிளக்கின் ஈயத்தையும் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

பாகங்கள்

ஊரில் வீசப்படும் படக்குழாய் ரிவிக்கள்தான் நமக்குக் களஞ்சியம். எச்ஓடி, டயோட்டுகள், உயர் வோல்ட் கப்பாசிற்றர்கள், நெக் சொக்கற் எல்லாம் எடுக்கலாம். பிளைபேக்கை மட்டும் இலக்கம் ஒத்தால் தவிர எடுக்காதீர்கள். ரியூப் மாற்றுவதென்றால் கழுத்தின் பருமன், சொக்கற், ஹீட்டர், யோக்கின் சுருள் அளவு ஆகிய நான்கும் ஒத்துவரவேண்டும். புதிய பாகங்களுக்குக் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகவேண்டியிருக்கும். போலி எச்ஓடிகள் நிறைய உலாவுகின்றன. எழுத்து விரலால் தேய்க்க அழிந்தால் வாங்காதீர்கள். எப்படியும் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு ரான்சிஸ்டருக்காக மறுபடி யாழ்தேவி ஏறுவது இலாபமில்லை.

திரும்பக் கொடுக்கும் முன்னர்

தொடர் பல்ப்பை நீக்கி, டிகோசிங் கொயிலைப் பூட்டி, பி பிளஸை முழு மின்னில் மறுபடி அளந்து சரிசெய்யுங்கள். படம் சிறிதாக இருக்கிறது என்று பி பிளஸைக் கூட்டாதீர்கள். அதற்குத் தனிக் குமிழோ அகலக் கொயிலோ இருக்கிறது. பின்கதவை மூடி ஒரு மணிநேரமாவது ஓடவிட்டு, நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, மின்னை இறக்கிய பின் எச்ஓடியின் ஹீற்சிங்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் டிரைவ் இன்னும் சரியில்லை.

உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிப் போவதாக இருந்தால் நெக் போர்ட்டையும் அனோட் தொப்பியையும் கடைசியாக ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பெட்டியை நிமிர்த்தி நிற்கவைத்துக் கட்டச் சொல்லுங்கள். போய் இறக்கியவுடன் பிளக்கைச் செருகாமல், பின்கதவைத் திறந்து இவை இரண்டும் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே போடவேண்டும் என்பதை உரிமையாளரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.